அத்தர்த் தட்டில் போயிலை



பெருநாள் நெருங்கும் நாட்களில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அத்தர்த் தட்டைச் சுற்றி நிற்கும் பொடியன்மாரைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். நாம் அந்த வயதில் கேட்டது ரோஜா, மல்லிகை, சந்தனம். கையில் காசு கொஞ்சம் கூட இருந்தால் ஊத். இப்போது அவர்கள் கேட்பது, "டொபாக்கோ வெனிலா இருக்கா நானா?" அத்தர்காரரும் தயங்காமல் கபில நிறத்தில் ஒரு சின்னப் போத்தலை எடுத்து நீட்டுகிறார். திறந்து முகர்ந்தால் சிகரட் வாடை இல்லை. தேன், காய்ந்த பேரீச்சம்பழம், வெனிலா, எங்கோ பின்னால் உலர்ந்த வைக்கோல் என்று ஒரு கதகதப்பான இனிப்பு மணம்.

இதைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து ஓடுகிறது. "சிகரட்டைக் குடிக்காதே என்று பயான் பண்ணுகிறோம், அதே போயிலையைப் பூசிக்கொண்டு முதல் ஸப்பில் வந்து நிற்கிறார்களே" என்று பெரியவர்கள் மனம் நொந்து பேசுகிறார்கள். "அதில் போயிலையே இல்லை வாப்பா, பேர் மட்டும்தான்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதி சரி. நாம் பத்வா கொடுக்கும் ஆட்கள் அல்ல, அது உலமாக்களின் வேலை. வரலாறு படிப்பிக்கும் ஆட்கள் என்ற முறையில், இந்த மணம் எங்கிருந்து புறப்பட்டு நமது அத்தர்த் தட்டுக்கு வந்தது என்பதை மட்டும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

வாசனை நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள், ஜும்ஆவுக்குக் குளித்து மணம் பூசி வருவதை ஊக்குவித்தார்கள் என்பதை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். அந்த விருப்பத்தில் இருந்து முஸ்லிம்களிடையே ஒரு பெரிய தொழிற்கலையே வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த அல்-கிந்தி வாசனைத் தயாரிப்புக்கும் வடித்தலுக்கும் தனியாக ஒரு நூல் எழுதினார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உண்டு. கஸ்தூரி, அம்பர், கற்பூரம், குங்குமப்பூ, அகில், சந்தனம் எல்லாம் அந்தக் காலத்து மக்கள் அறிந்து பயன்படுத்தியவை. கஸ்தூரியும் அம்பரும் சேர்ந்த ‘காலியா’ என்ற கலவை அரண்மனைகளில் புகழ்பெற்றிருந்தது.

அந்த நூல்களில் எங்கே தேடினாலும் போயிலை கிடையாது. இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492 இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் இறங்கி, அங்கே மனிதர்கள் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகை இழுப்பதைக் கண்ட பிறகுதான் பழைய உலகம் அதை அறிந்தது. ஆகவே வாசனை பற்றிய நமது முன்னோரின் பேச்சில் போயிலைக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

நூறு ஆண்டு கழித்து அது முஸ்லிம் நாடுகளுக்குள் புகுந்தபோது பெரிய குழப்பம் உண்டானது. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633 இல் இஸ்தான்புலில் கோப்பிக் கடைகளை மூடிப் புகைத்தலையும் தடைசெய்தார். மீறியவர்களுக்கு மரணதண்டனை. அந்தக் காலத்தை நேரில் கண்ட அறிஞர் காதிப் செலபி ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்திருக்கிறார். தண்டனை நிறைவேறும் நேரத்திலேயே சில படையினர் சட்டைக் கைக்குள் குட்டைக் குழாயை மறைத்துவைத்துச் சந்தர்ப்பம் பார்த்துப் புகைத்தார்களாம். முராத் மறைந்து சில ஆண்டுகளில் ஷைகுல் இஸ்லாமாக வந்த பஹாயி மெஹ்மத் எஃபெந்தி புகைத்தல் ஆகுமானது என்று தீர்ப்புச் சொன்னார். அவரே கடுமையான புகைப்பிரியர் என்பதை எதிரிகள் விடாமல் சொல்லிக்காட்டினார்கள். டமாஸ்கஸின் அப்துல் கனி அந்-நாபுலுஸி என்ற பெரிய ஸூபி அறிஞர் அது ஆகுமானது என்று தனி நூலே எழுதினார். மறுபக்கத்தில் அதை ஹராம் என்றும் மக்ரூஹ் என்றும் எழுதியவர்கள் ஏராளம்.

இந்தச் சர்ச்சையில் நம் கதைக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைக்குப் புற்றுநோய் பற்றியோ நுரையீரல் பற்றியோ யாருக்கும் தெரியாது. எதிர்த்தவர்கள் வைத்த வாதங்களில் முக்கியமான ஒன்று வாடை. பூண்டும் வெங்காயமும் சாப்பிட்ட வாயோடு பள்ளிக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் அல்லவா, புகைத்தவனின் வாயும் அப்படித்தான் என்றார்கள். இன்று பெரும்பாலான உலமாக்கள் உடலுக்கு உண்டாகும் கேட்டை வைத்தே சிகரட்டை ஹராம் என்கிறார்கள். அன்று பேச்சின் நடுவில் இருந்தது மூக்கு. அந்த மூக்குக்கு எட்டியது எரிந்த இலையின் புகை. எரிக்காத இலைக்கு வேறொரு மணம் உண்டு என்பது அந்தச் சண்டையில் பேசுபொருளே ஆகவில்லை.

இந்தியாவிலும் அதே காலம். 1604 அளவில் அசத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரில் இருந்து போயிலையும் அழகிய குழாயும் கொண்டுவந்து அக்பரிடம் கொடுத்தார். வைத்தியர் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க அக்பர் சற்று இழுத்துப் பார்த்தார். அவர் மகன் ஜஹாங்கீர் 1617 இல் போயிலையைத் தடைசெய்தார். பாரசீகத்தில் ஷா அப்பாஸும் தடைசெய்திருந்தார். ஆனால் ஜஹாங்கீர் அங்கே தூதராக அனுப்பிய கான் ஆலம் குழாய் இல்லாமல் ஒரு கணமும் இருக்க முடியாதவர். ஷா அவருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கவேண்டி வந்தது. இதையெல்லாம் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் ஒளிக்காமல் சொல்கிறார்.

அதே குறிப்பில்தான் ரோஜா அத்தரின் கதையும் வருகிறது. ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தது நூர்ஜஹான் என்று நம்மில் பலர் சொல்வோம். ஜஹாங்கீர் எழுதியிருப்பது வேறு. நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் வடிக்கும்போது சூடான பன்னீரின் மேலே படர்ந்த நெய்ப்பசையைத் துளித்துளியாகச் சேர்த்தெடுத்தார் என்றும், அந்தக் கண்டுபிடிப்புக்காகத் தான் அவருக்கு முத்துமாலை பரிசளித்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்த அத்தருக்கு ஜஹாங்கீரின் பெயரையே வைத்தார்கள். ஆக, ஒரே மன்னர், ஒரே குறிப்பு. ரோஜா அத்தருக்கு முத்துமாலை, போயிலைக்குத் தடை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கும்.

நமது நாட்டுக்கும் போயிலை வந்து வேரூன்றியது. யாழ்ப்பாணத்துப் போயிலை ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய பெரிய வணிகப் பொருள். குடாநாட்டின் தோட்டக்காரர்கள் பல தலைமுறையாக அதில் வாழ்ந்தார்கள். நமது வீடுகளில் அது வெற்றிலைத் தட்டத்தில் இருந்தது. கல்யாண வீட்டில் வாசலில் பன்னீர்ச் செம்பு, உள்ளே வெற்றிலைத் தட்டம். பன்னீர் வாசனைக்கு, போயிலை வாய்க்கு. மூத்தம்மாமாரின் முந்தானையில் பாக்கு, சுண்ணாம்பு, போயிலை எல்லாம் கலந்த ஒரு மணம் இருந்ததை நம்மில் நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டோம். அதை யாரும் வாசனை என்று சொன்னதில்லை. ஆனால் அது கெட்ட மணமாகவும் இருக்கவில்லை. அந்தப் பழக்கம் எத்தனை பேரின் வாயில் புண்ணாகி, புற்றாகி முடிந்தது என்பது வேறு கதை, அதுவும் நமக்குத் தெரியும்.

சரி, எரிக்காத இலைக்கு அந்த இனிப்பு எப்படி வருகிறது?

பச்சைப் போயிலையைக் கசக்கி முகர்ந்தால் வெறும் பச்சிலை மணம்தான். வெட்டிய இலையைப் பதப்படுத்தும்போதுதான் மாற்றம் நடக்கிறது. சில வகையை நிழலில் காற்றாட வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். சில வகையைச் சூடேற்றிய கொட்டிலில் சில நாள் வைத்து உலர்த்துவார்கள். சிலதை வெயிலில் காயவிடுவார்கள், சிலதுக்குப் புகை போடுவார்கள். பச்சை மங்கி மஞ்சளாகிக் கபிலமாகும். இலையில் உள்ள மாச்சத்து சீனியாக மாறும். அந்தச் சீனியும் இலையின் புரதக் கூறுகளும் சேர்ந்து, பாணின் மேல்தோல் சிவக்கும்போது வருவது போன்ற மணத்தைத் தரும். கரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின் வகைப் பொருட்கள் இலையிலும் உண்டு. அவை உடைந்து சிதையும்போது புதிய மணப்பொருட்கள் பிறக்கும்.

அப்படிப் பிறப்பவற்றில் ஒன்றின் பெயர் டமாசினோன். 1970 அளவில் சுவிட்சர்லாந்து இரசாயனவியலாளர்கள் இதைப் பல்கேரிய ரோஜா எண்ணெயில் இருந்து பிரித்தறிந்தார்கள். டமாஸ்கஸ் ரோஜாவின் பெயரால்தான் அந்தப் பெயர். ரோஜா எண்ணெயில் அது ஒரு வீதத்துக்கும் மிகக் குறைவு. ஆனாலும் ரோஜா அத்தரின் தேன் கலந்த பழ மணத்தில் பெரும் பங்கு அதற்கு உண்டு. பதப்படுத்திய போயிலையிலும் அதே டமாசினோன் இருக்கிறது. ஜஹாங்கீர் முத்துமாலை கொடுத்துப் பாராட்டிய மணத்தின் ஒரு கூறு, அவரே தடைசெய்த இலைக்குள்ளும் ஒளிந்திருந்தது. அவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. நமது அத்தர்காரரிடம் சொன்னோம், "அதுதான் ரெண்டையும் சேர்த்துப் பூசினா நல்லாயிருக்கு" என்றார்! இரசாயனம் படிக்காமலே மூக்கால் கண்டுபிடித்திருக்கிறார் மனிதர்.

இனி, போத்தலுக்குள் இருப்பது உண்மையான போயிலையா என்ற கேள்வி. பதப்படுத்திய இலையில் இருந்து கரைப்பான் கொண்டு ஒரு கரும்பழுப்புச் சாறு எடுக்கிறார்கள். நல்ல விலை. உயர்ந்த வாசனைத் தயாரிப்புகளில் அதை மிகச் சிறிதளவு சேர்ப்பார்கள். பெருநாள் தட்டில் வரும் மலிவான போத்தலில் அது இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கத் தேவையில்லை. அங்கே இருப்பது வேறு பொருட்களால் கட்டிய ஒரு சாயல். அந்தச் சாயலுக்கு அடித்தளம் இரண்டு பொருட்கள்.

ஒன்று கூமரின். தென் அமெரிக்காவில் டொங்கா என்று ஒரு கொட்டை உண்டு, கறுத்துச் சுருங்கியிருக்கும். அதன் மணம் வெட்டிக் காயும் புல்லையும் வாதுமையையும் நினைவூட்டும். ஐரோப்பாவில் மூக்குப்பொடிக்கும் குழாய்ப் போயிலைக்கும் அதைச் சேர்த்தார்கள். அதனால் அவர்களின் மூக்கில் டொங்காவும் போயிலையும் ஒன்றாகிப்போயின. டொங்காவின் மணத்துக்குக் காரணமான கூமரினை 1868 இல் வில்லியம் பெர்க்கின் என்ற ஆங்கில விஞ்ஞானி ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினார். 1882 இல் பிரான்ஸின் ஊபிகான் நிறுவனத்துக்காக போல் பார்க்கே என்பவர் அந்தச் செயற்கைக் கூமரினை வைத்து ஒரு புகழ்பெற்ற வாசனையை உருவாக்கினார். (இடையில் ஒரு பெருமை: கசியா என்ற மலிவான கறுவாவில் கூமரின் அதிகம், அதைக் கூடுதலாக உண்டால் ஈரலுக்குக் கேடு. நமது இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம்.)

மற்றது வெனிலா. மெக்சிக்கோவின் கொடி. வேறு நாடுகளில் நட்டால் பூக்கும், காய்க்காது. 1841 இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்த்துக் காய்க்கவைக்கும் வழியைக் கண்டான். உலகத்து வெனிலாத் தோட்டங்களில் இன்றைக்கும் அந்த முறைதான். அவனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை, வறுமையிலேயே இறந்துபோனான். பிள்ளைகளே, அந்தப் போத்தலை அடுத்த முறை திறக்கும்போது இந்தப் பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1874 இல் ஜேர்மனியர் வெனிலினைச் செயற்கையாகச் செய்த பிறகு அந்த மணம் எல்லோருக்கும் மலிவாகியது.

இப்போது பெரியவர்களின் பக்கம் உள்ள உண்மைக்கு வருகிறோம். போயிலை என்ற பெயர் வாசனைப் போத்தலில் ஏறியது தற்செயலாக அல்ல. முதலாம் உலகப்போர் முடிந்ததும் ஐரோப்பியப் பெண்கள் பகிரங்கமாகச் சிகரட் பிடிக்கத் தொடங்கினார்கள். அது நாகரிகத்தின் அடையாளம் என்று கருதப்பட்ட காலம். 1919 இல் பாரிஸின் கரோன் நிறுவனம் ‘டபாக் ப்ளொண்ட்’ என்ற வாசனையை அந்தப் பெண்களை மனதில் வைத்தே வெளியிட்டது. 1921 இல் மொலினார் நிறுவனம் ‘ஹபனிட்டா’வைக் கொண்டுவந்தது. அது முதலில் உடம்பில் பூசுவதற்கே அல்ல, சிகரட்டை மணக்கவைப்பதற்கு. சிகரட்டின் மேல் தடவிப் பற்றவைக்க வேண்டியது. அதாவது வாசனைத் தொழில் சிகரட்டுக்கு அலங்காரம் செய்துகொடுத்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு "பேர் மட்டும்தான் வாப்பா" என்று கடந்துபோக முடியாது.

இப்போது நம் பிள்ளைகள் கேட்கும் ‘டொபாக்கோ வெனிலா’ 2007 இல் அமெரிக்காவின் டொம் போர்ட் நிறுவனம் வெளியிட்டது. போயிலை இலை, மசாலா, வெனிலா, கொக்கோ, டொங்கா, உலர்பழம் எல்லாம் கலந்தது. அதன் விலைக்கும் நமக்கும் வெகுதூரம். வளைகுடாச் சந்தைகளில் அதே சாயலில் எண்ணெய் அத்தர்கள் மலிவாக வந்தன. அங்கே வேலைக்குப் போன நமது ஆட்களின் பெட்டிகளில் அவை ஊருக்கு வந்தன. ஊத்துக்கும் அம்பருக்கும் பழகிய மூக்குக்கு இந்தக் கனத்த இனிப்பு அந்நியமாகப்படவில்லை. அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பது நமது எண்ணம்.

ஆகவே, நாம் வரலாற்றில் இருந்து விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அறிஞர்கள் சண்டை பிடித்தது புகையைப் பற்றி. போத்தலில் இருப்பது புகையல்ல. மணம் என்ற அளவில் அது ரோஜாவுக்கும் வைக்கோலுக்கும் வெனிலாவுக்கும் உறவு. ஆனால் போத்தலின் மேல் சுருட்டுப் படமோ புகைக்குழாய்ப் படமோ இருந்தால், அது மணத்தை விற்கவில்லை, புகைப்பதை அழகாக்கி விற்கிறது. அப்படிப்பட்டதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெருநாள் பரிசாக வாங்கிக்கொடுக்காதீர்கள் என்று வாப்பாமாரிடம் கேட்டுக்கொள்கிறோம். சிகரட்டை விட்டு ஒன்றிரண்டு மாதம் ஆன சகோதரர்களும் கொஞ்சம் தள்ளியே இருங்கள். மணம் பழைய ஆசையை எழுப்பும் வலிமை உடையது. விட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஸ்பிரேயில் உள்ள மதுசாரம் பற்றியும், பட்டியலில் ‘ரம்’ என்று போட்டிருப்பது பற்றியும் கேட்பவர்கள் மௌலவிமாரிடம் கேளுங்கள். கருத்து வேறுபாடு உள்ள இடம் அது. எண்ணெய் அத்தர் எடுத்தால் மதுசாரக் கேள்வி பெரும்பாலும் எழாது.

இத்தனையும் யோசித்தபிறகும் வாங்க விரும்புகிறவர்களுக்குத் தெரிவு பற்றிச் சில வார்த்தை. போத்தலின் வாயில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். முதலில் எழும்புவது மசாலாவும் பழமும்தான், அது பத்து நிமிடத்தில் போய்விடும். மணிக்கட்டில் ஒரு துளி வைத்துக்கொண்டு கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்து அரை மணித்தியாலம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது மிஞ்சி நிற்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். வைக்கோலும் தேனும் தெரிந்தால் நல்லது. வெறும் ஐஸ்கிறீம் வெனிலா மட்டும் மிஞ்சினால் அதில் போயிலைச் சாயல் ஒன்றும் இல்லை. தோல் எரிவது போலிருந்தால் விட்டுவிடுங்கள்.

நமது வெயிலையும் மறக்கக்கூடாது. இந்த வகை மணம் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைக்காகச் செய்யப்பட்டது. சித்திரை வைகாசி வெக்கையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பூசினால் இனிப்பு கனத்து, பக்கத்தில் நிற்பவருக்குத் தலை சுற்றும். கதவடைத்து ஏசி போட்ட பள்ளியில் ஆஸ்துமாக்காரர்களும் இருப்பார்கள். பூண்டு, வெங்காய விஷயத்தில் சொல்லப்பட்டது பக்கத்தில் இருப்பவரின் தொந்தரவுக்காகத்தான், வாசனைக்கும் அது பொருந்தும் என்றே நாம் நினைக்கிறோம். அதனால் ஜும்ஆவுக்கு நாம் சந்தனத்தையும் ரோஜாவையும்தான் சிபாரிசு செய்வோம். இது மார்கழி மழை நாளில், மஃரிபுக்குப் பிறகு, ஒரே ஒரு துளி.

ரோஜா அத்தர் வீட்டில் இருந்தால் ஒரு மணிக்கட்டில் அதையும் மற்றதில் இதையும் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன உறவு மூக்குக்கே தெரியும். ஒன்று மட்டும் கவனம்: வெனிலின் காற்றுப்பட்டால் மெல்லப் பழுப்பேறும். புது ஜுப்பாவின் கொலரில் பூசிவிட்டு, பெருநாளன்று மஞ்சள் கறையைக் கண்டு உம்மாவிடம் ஏச்சு வாங்காதீர்கள். தோலில் பூசுங்கள், துணியில் வேண்டாம்.